பொறியின் மேல் போட்ட பழி

காலைக் கவ்வும் பொறியைத் தடை செய்துவிட்டால் ஓடையோர விலங்குகள் பிழைத்துக்கொள்ளும் என்பது அமெரிக்காவில் படித்தவர்கள் நடுவே ஏறக்குறைய முடிந்துபோன தீர்ப்பு. ரக்கூன், மிங்க், நீர்நாய், பீவர், கஸ்தூரி எலி என்று ரோமத்தோலுக்காகப் பிடிக்கப்படும் எந்த விலங்கைப் பற்றிப் பேச்செடுத்தாலும் அதே படம் வந்து நிற்கும்: பல் வைத்த இரும்புத் தாடை, நடுவே ரத்தம் கசியும் ஒரு பாதம். நம்மவர் கைப்பேசிகளுக்கும் அந்தப் படம் வந்து சேர்கிறது. பார்த்தால் வயிறு கலங்கும்; கலங்கத்தான் வேண்டும். வயிறு கலங்கியதையே வாதமாக வைத்துக்கொண்டு சட்டம் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கும் முப்பது ஆண்டு அனுபவம் சேர்ந்திருக்கிறது. அந்த ஏட்டை மட்டும் யாரும் புரட்டுவதாகத் தெரியவில்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தடை வந்தால் சாவு நின்றுவிடாது. சாகும் பருவம் மாறும், சாகடிக்கும் ஆள் மாறுவார், உடல் போய்ச் சேரும் இடம் மாறும். இந்த மாற்றங்களில் பெரும்பாலானவை விலங்குக்குக் கேடாகவே முடிந்திருக்கின்றன. உரிமம் எடுத்து, பருவம் பார்த்து, கணக்குக் கொடுத்து நடந்த வேலை திரைமறைவுக்குப் போகிறது. ஓடையை உண்மையிலேயே காலி செய்கிறவர்கள் மேல் இதற்கிடையில் ஒரு தூசும் படுவதில்லை.

பொறி வைக்கும் இடத்தைப் பார்க்காமலே பொறியைப் பற்றிப் பேசுவதுதான் இந்த விவாதத்தின் பெரிய குறை என்பதால், இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

மிசௌரி மாநிலத்தின் தென்பகுதி ஓசார்க் மேட்டுநிலம். சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும் காலகாலமாகக் கரைந்து உருவான பூமி. கரன்ட், ஜாக்ஸ் ஃபோர்க் போன்ற ஆறுகளும், அவற்றில் வந்து விழும் கணக்கற்ற சிற்றோடைகளும் ஊற்றுநீரில் ஓடுகின்றன. சேறு குறைவு; கூழாங்கல், சரளை, பலகை பலகையாகக் கிடக்கும் பாறை. அந்தப் பாறைகளின் அடியில் கிரேஃபிஷ். நம் வயல் நண்டுக்கு இறால் வால் ஒட்டவைத்தது போன்ற உயிர். மிசௌரியில் மட்டும் அதில் முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ரக்கூன், மிங்க், நீர்நாய், சிறுவாய் பாஸ் மீன் எல்லாம் அதை நம்பித்தான் பிழைக்கின்றன.

ரக்கூன் இரை தேடும் விதம் விசித்திரமானது. கணுக்கால் ஆழ நீரில் இறங்கி, இரண்டு முன்கைகளையும் கல்லுக்கு அடியில் விட்டுத் துழாவும். கண் அப்போது எங்கோ மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதன் மூளையில் தொடு உணர்ச்சிக்கான பகுதியில் மிகப் பெரிய பங்கு அந்த உள்ளங்கைகளுக்குத்தான். உணவைக் கழுவித் தின்னும் சுத்தக்காரன் என்று குழந்தைகளுக்குச் சொல்லும் கதை, கூண்டில் அடைத்த ரக்கூன்களைப் பார்த்து எழுந்தது. காட்டில் அது கழுவுவதில்லை, தடவித் தேடுகிறது. துளை கண்டால் கையை விட்டுப் பார்க்காமல் அதனால் இருக்க முடியாது.

சேற்றுக்கரை ஓடையில் பொறி வைப்பது எளிது. யார் வந்தார், எப்போது வந்தார், எந்தப் பக்கம் போனார் என்பதை மண்ணே எழுதிக் காட்டிவிடும். பாறை ஓடையில் அந்த எழுத்து கிடையாது. விழுந்து கிடக்கும் மரத்தின் மேலும் தட்டைப் பாறையின் மேலும் எச்சம் இருக்கிறதா, அதில் கிரேஃபிஷ் ஓட்டின் செம்மை தெரிகிறதா, பாலத்தடியில் ஒதுங்கிய ஒரு கை மணலில் ஐந்து விரல் பதிந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். முளை அடிக்க மண் இல்லை. சங்கிலியைக் கரையோர வேரிலோ சிறு மரத்திலோ கம்பி போட்டுக் கட்ட வேண்டும். நான்கு கற்களைக் கரையோடு சாய்த்துச் சின்னப் பொந்து செய்து, உள்ளே இரையை வைப்பது ஒரு வழி. இரவில் மேலே எங்கோ மழை பெய்தால் கணுக்கால் நீர் விடிவதற்குள் இடுப்புக்கு ஏறும். பொறி, பொந்து, இரை எல்லாம் போகும். ஒவ்வொரு நாளும் போய்ப் பார்க்காதவருக்கு அங்கே வேலையே இல்லை. மிசௌரிச் சட்டமும் தரைப்பொறியைத் தினமும் பார்க்கச் சொல்கிறது.

இப்போது பொறிக்கு வருவோம். ஓசார்க்கில் இன்று ரக்கூனுக்கு வைக்கப்படுவதில் பெரும்பாலும் அந்தப் படத்தில் உள்ள தாடைப்பொறி கிடையாது. கையில் அடங்கும் ஓர் இரும்புக் குழாய். வாய் ஒன்றேகால் அங்குல வாக்கில். உள்ளே அடியில் ஒரு நெம்புகோல், அதற்கும் கீழே இரை. இரை என்ன தெரியுமா? பிள்ளைகள் தின்னும் மார்ஷ்மெல்லோ மிட்டாய். மீனை வைத்தால் பூனை வரும்; பூனைக்கு இனிப்புச் சுவை தெரியாது என்பதால் மிட்டாய். ரக்கூன் கையை விட்டு, நெம்புகோலைப் பிடித்து மேலே இழுக்கும்போதுதான் வில் தெறித்து மணிக்கட்டைப் பிடிக்கும். நாய் நக்கிப் பார்க்கும், முகர்ந்து பார்க்கும், போய்விடும். பாதத்தால் பற்றி இழுக்க அதற்கு விரல் இல்லை. அதனாலேயே ‘நாய் சிக்காப் பொறி’ என்ற பொருளில் அதற்குப் பெயர். எப்போதாவது ஒபாஸம், ஸ்கங்க் போன்ற வேறு சிறு விலங்கு மாட்டும். பொறிக்குக் கண் இல்லை, வந்தது போனது எல்லாவற்றையும் பிடிக்கும் என்று மேடைதோறும் சொல்கிறார்களே, அவர்கள் இந்தக் குழாயை ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்கலாம்.

குழாயால் வேறொரு பயனும் உண்டு. சாதாரணக் காற்பொறியில் சிக்கிய ரக்கூன், மரத்துப்போன கையைத் தானே கடிக்கும். தடைக்காரர்கள் காட்டும் படங்களில் பொய் கலக்காத படம் அது. பொறி செய்பவர்களும் ஆராய்ச்சியாளர்களும் அதை மறைக்கவில்லை; 1990-களில் கையை முழுக்க உள்ளே மூடிக்கொள்ளும் பொறிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். கடிக்க வாய் எட்டாததால் காயம் வெகுவாகக் குறைந்தது. ஒரு கருவியின் கொடுமையைக் கண்டுபிடித்தார்கள், அந்தக் கருவியை மாற்றினார்கள். இந்த இடைப்பட்ட வேலைக்குத் தடை அரசியலில் இடமே கிடையாது. அதற்குத் தெரிந்தவை இரண்டே நிலைகள்: இருப்பது, ஒழிப்பது.

பழைய கணக்கில் பொறிக்கு எதிராகச் சொல்லப்படுவது உண்மை. அதில் எனக்குச் சண்டை இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் சூவெல் நியூஹவுஸ் என்ற நியூயார்க் மாநிலத்துக் கொல்லர் செய்த எஃகுப் பொறி, அவர் சேர்ந்த ஒனைடா சமயக் கம்யூனின் தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் தயாராகிக் கண்டம் முழுக்கப் பரவியது. (சொத்து பொது, குடும்பமும் பொது என்று வாழ்ந்த அந்தப் புனிதர் கூட்டத்துக்குச் சோறு போட்டது பொறி விற்ற காசு. பின்னாளில் கரண்டி, முள்கரண்டிக்குப் பெயர்போன ஒனைடா நிறுவனமும் அதுதான்.) பருவம், வரம்பு, உரிமம் எதுவும் இல்லாத காலம். பீவர் போனது, நீர்நாய் போனது. 1930-களில் மிசௌரி மாநிலம் முழுக்கத் தேடினாலும் நூறு நீர்நாய் தேறாது என்ற நிலை.

கதையைத் தடைக்காரர்கள் அந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த அத்தியாயம் அவர்களுக்கு வசதிப்படாது. 1982 முதல் 1992 வரை மிசௌரி அரசு 845 நீர்நாய்களைக் கொண்டுவந்து தன் ஆறுகளில் விட்டது. பெரும்பாலானவை லூசியானாச் சதுப்புகளிலிருந்து வந்தவை. உயிரோடு, கால் முறியாமல், வேறு மாநிலத்து ஆற்றில் விட்டால் நீந்திப் பிழைக்கும் நிலையில் அவற்றைப் பிடித்துக் கொடுத்தவர்கள் யார்? லூசியானாப் பொறிக்காரர்கள். எதைக் கொண்டு? காற்பொறியைக் கொண்டு. காலை நொறுக்குவதற்கென்றே படைக்கப்பட்ட கருவி என்று சொல்லப்படும் ஒன்றில் சிக்கிய விலங்குகளின் வாரிசுகள்தான் இன்று ஓசார்க் ஓடைகளில் சறுக்கி விளையாடுகின்றன. 1999 முதல் 2006 வரை கொலராடோ மலைகளில் விடப்பட்ட 218 லின்க்ஸ் காட்டுப்பூனைகளும் கனடாவிலும் அலாஸ்காவிலும் பொறிக்காரர்கள் பிடித்துக் கொடுத்தவையே. பொறியும் பொறிக்காரரும் அற்றுப்போயிருந்தால் இந்த வேலையை யார் செய்திருப்பார்கள் என்று கேட்டால் பதில் வருவதில்லை.

மிசௌரிக் கதை அதோடு முடியவில்லை. நீர்நாய் எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பெருகியது. சிற்றோடைகளில் பாஸ் மீனையும் பண்ணைக் குட்டைகளில் கெளுத்தியையும் துடைத்துத் தின்கிறது என்று தூண்டில்காரர்களும் குட்டைக்காரர்களும் கூச்சலிட்டார்கள். 1996-இல் அரசு நீர்நாய்க்குப் பொறிப் பருவம் அறிவித்தது. வழக்குப் போட்டார்கள், நிற்கவில்லை. முதல் பருவத்திலேயே ஆயிரத்துக்கும் மேல் பிடிபட்டன. மீட்டெடுத்த விலங்கை மறுபடி ஒழிக்கப் போகிறார்கள் என்று அன்று எழுதாத பத்திரிகை இல்லை. ஆண்டுகள் கால் நூற்றாண்டைத் தாண்டின. ஒவ்வொரு குளிர்காலமும் பொறிப் பருவம் வருகிறது, நீர்நாயும் மாநிலம் முழுக்க இருக்கிறது. வரம்புக்குள் பிடித்தால் இனம் அழியாது என்பதற்கு இதைவிடக் கண்ணெதிர்ச் சாட்சி எங்கே தேடுவது?

செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களைத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. பாம்புத்தோல் வணிகம் கட்டுமீறிப் போய் அரசு அதை நிறுத்தியது, நிறுத்த வேண்டியதுதான். இருளர் பட்டினி கிடந்தார்கள். 1978-இல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அதே கைகளுக்கு வேறு வேலை கொடுத்தது: பாம்பைப் பிடி, விஷம் எடு, திரும்பக் கொண்டுபோய் விடு. நாட்டின் விஷமுறிவு மருந்து அந்தத் திறமையில் நிற்கிறது. 2017-இல் ஃபுளோரிடாவில் பெருகிப்போன பர்மா மலைப்பாம்புகளைக் கண்டுபிடிக்க அமெரிக்கர்கள் தேடி அழைத்தது இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. கொள்ளையைத் தடுப்பது ஒன்று. பிடிக்கத் தெரிந்த கையையே குற்றவாளியாக்கி அனுப்பிவிடுவது வேறொன்று. மலைப்பாம்பு ஆயிரக்கணக்கில் பெருகிய பிறகு அந்தக் கையைத் தேடிக் கடல் கடந்து வர வேண்டியிருக்கிறது.

தடை போட்டுப் பார்த்த இடங்களுக்கு வருவோம். 1996 நவம்பரில் மாசசூசெட்ஸ் மக்கள் வாக்களித்தார்கள். காற்பொறி, கண்ணி, உடலை நசுக்கும் பொறி எதுவும் கூடாது என்று ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தார்கள். ஆண்டுக்கு ஆயிரத்தைத் தாண்டியிருந்த பீவர் பிடிப்பு இரண்டே ஆண்டில் நூற்றுக்குக் கீழே வந்தது. வெற்றி என்று கொண்டாடினார்கள். மாநில வனவிலங்குத் துறையின் மதிப்பீட்டில் 24 ஆயிரமாக இருந்த பீவர்கள் ஐந்தாறு ஆண்டில் 70 ஆயிரத்தை எட்டின.

பீவர் பெருகுவது நல்லதுதானே என்பீர்கள். காட்டுக்குள் நல்லது. அதன் அணையால் சதுப்பு உண்டாகும், சதுப்பில் பறவை, தவளை, மீன் எல்லாம் பெருகும். ஆனால் பீவருக்கு எது காடு, எது பத்திரம் பதிந்த புறநகர் மனை என்று தெரியாது. கிணற்றில் வெள்ளம் புகுந்தது, கழிவுத்தொட்டி மூழ்கியது, சாலையடி மதகுகள் அடைத்துக்கொண்டன. பீவரைக் காக்க வாக்களித்த அதே தெருக்களிலிருந்து புகார்கள் குவிந்தன. 2000-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். திருத்தம் என்ன சொன்னது? பொதுச் சுகாதாரத்துக்கு ஆபத்து என்று ஊர்ச் சுகாதார வாரியம் முடிவு செய்தால் பத்து நாள் அவசர அனுமதி கொடுக்கலாம். அந்தப் பத்து நாளில், எந்த நசுக்குபொறியை ஒழிக்க மக்கள் வாக்களித்தார்களோ அதையே வைக்கலாம். எந்த மாதமானாலும் வைக்கலாம்.

இந்தக் கடைசி வரியில் நின்று யோசிக்க வேண்டும். ரோமப் பருவம் குளிர்காலம். குட்டிகள் வளர்ந்திருக்கும், தோல் அடர்ந்திருக்கும், தோலுக்கு ஒரு விலை இருக்கும். அவசர அனுமதிக்குப் பருவம் கிடையாது. கோடையில், வளையில் குட்டி கிடக்கும்போது, தாயை நசுக்கலாம். கோடைத் தோல் எதற்கும் உதவாது, ஆகவே உடல் நேரே குப்பைக்கு. முன்பு நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்டு வந்து நின்ற பொறிக்காரரின் இடத்தில், ரசீது போட்டுக் காசு வாங்கும் தொல்லை விலங்கு அகற்றும் கம்பெனி. மதகில் குழாய் பதித்து நீர்மட்டத்தை அடக்கும் உபாயம் பல இடங்களில் நன்றாகவே வேலை செய்கிறது. முதலில் அதைச் செய்யட்டும் என்பதே என் எண்ணமும். குழாய் எடுபடாத இடத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி. காட்டுச் செல்வம் என்று எண்ணப்பட்ட விலங்கு வீட்டுத் தொல்லை ஆகிவிட்டது. வாக்குச்சீட்டில் யாரும் அதைக் கேட்கவில்லை.

கலிபோர்னியாவில் 2019-இல் ரோமத்துக்காகப் பொறி வைப்பதையே தடை செய்தார்கள். நாட்டிலேயே முதல் மாநிலம் என்று பெருமை. அந்தச் சமயத்தில் அங்கே அப்படிப் பொறி வைத்துக் கணக்குக் காட்டியவர்கள் நூறுபேர்கூட இல்லை. பயிருக்கோ கால்நடைக்கோ சேதம் என்று சொல்லிப் பொறி வைப்பதைச் சட்டம் தொடவில்லை. அப்படிச் சேதத்தைத் தடுப்பதாகச் சொல்லி மத்திய வேளாண் துறையின் வைல்ட்லைஃப் சர்வீசஸ் பிரிவு நாடு முழுக்கக் கொயோட்டி என்ற சிறு ஓநாய்களை மட்டும் ஆண்டுக்கு ஐம்பதாயிரத்துக்கும் மேல் கொல்கிறது. துப்பாக்கி, பொறி, ஹெலிகாப்டர் எல்லாம் உண்டு. சம்பளம் வாங்கிக்கொண்டு கொன்றால் நிர்வாகம், தோலுக்காகக் கொன்றால் காட்டுமிராண்டித்தனம். விலங்குக்கு இந்த வேறுபாடு எட்டுமா?

இவ்வளவு சொன்னதால் பொறிக்காரர் சங்கங்கள் அச்சடித்துக் கொடுக்கும் எல்லா வாதத்துக்கும் நான் வக்காலத்து என்று எண்ண வேண்டாம். அவர்கள் தரப்பில் மூன்று பொய்கள் ஊறிப்போயிருக்கின்றன. அந்தப் பொய்களைச் சுலபமாக உடைக்க முடிவதால்தான் தடைக்காரர்களுக்குப் பாதி வெற்றி கிடைக்கிறது.

பொறி இல்லாவிட்டால் ரேபிஸ் பரவும் என்பார்கள். 1973-லேயே அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் அறிக்கை இதற்கு முடிவு கட்டிவிட்டது: விடாமல் பொறியும் விஷமும் வைத்து ரேபிஸை அடக்கும் திட்டங்கள் பலன் தந்ததற்குச் சான்றில்லை, கைவிடுங்கள் என்றது. அதைவிடக் கசப்பான செய்தி ஒன்று உண்டு. 1970-களின் கடைசியில் மேற்கு வர்ஜீனியாவில் தொடங்கிக் கிழக்குக் கடற்கரை நெடுக ஏறிய ரக்கூன் ரேபிஸ் அங்கே எப்படி வந்தது? வேட்டைக்கு ரக்கூன் போதவில்லை என்று தென்கிழக்கு மாநிலங்களிலிருந்து வேட்டைக்காரர்கள் லாரியில் ஏற்றிவந்து விட்ட ரக்கூன்களோடு வந்தது. அதைத் தடுத்து நிறுத்தப் போராடுவது, விமானத்திலிருந்து தூவப்படும் தடுப்பு மருந்து வைத்த இரை. இந்தக் கதையில் வேட்டைத் தரப்பு வாயைத் திறக்காமல் இருப்பது அவர்களுக்கு நல்லது.

அடுத்த பொய் பறவைக் கூடு பற்றியது. ரக்கூனைக் கொன்றால் வாத்தும் ஃபெசன்ட் கோழியும் பெருகும் என்று தெற்கு டக்கோட்டா அரசு 2019-இல் ஒரு திட்டம் போட்டது. ரக்கூன், ஸ்கங்க், ஒபாஸம், பேட்ஜர், செந்நரி, எதன் வாலைக் கொண்டுவந்தாலும் வாலுக்குப் பத்து டாலர். ஏப்ரலில் தொடங்கிய அந்த முதல் பருவத்தில் 54 ஆயிரத்துக்கும் மேல் வால்கள் குவிந்தன. ஏப்ரல், மே மாதங்கள் ரக்கூன் குட்டி போடும் காலம்! தாயின் வால் அரசு அலுவலகத்தில், குட்டிகள் மரப்பொந்தில். சின்ன வட்டாரத்தில் கங்கணம் கட்டிக்கொண்டு முழுநேர ஆள் போட்டுப் பிடித்தால் அந்த வட்டாரத்துக் கூடுகளுக்குக் கொஞ்சம் பலன் உண்டு. மாநிலம் முழுக்கச் சிதறலாக வால் சேர்ப்பதால் காலியான இடத்தை அடுத்த ரக்கூன் வந்து பிடித்துக்கொள்ளும். புல்வெளியை உழுது சோளமும் சோயாவும் போட்டுவிட்டு, கூடு கட்ட இடமில்லாத பறவைக்காக ரக்கூன் வாலை வெட்டுவது அரசியல்வாதிக்குப் பிடித்த வகைச் சூழலியல். இதை முதலில் எதிர்த்திருக்க வேண்டியவர்கள் பொறிக்காரர்கள். பருவம் என்பதுதான் அவர்கள் தொழிலின் தர்மம். பத்து டாலருக்கு அதை விட்டுக்கொடுக்கலாமா?

மூன்றாவது, காட்டைக் காப்பது எங்கள் காசு என்ற பெருமை. மிசௌரியில் அது செல்லாது. 1976-இல் மக்கள் வாக்களித்து ஏற்ற விற்பனை வரியில், டாலருக்கு ஒரு சென்ட்டில் எட்டில் ஒரு பங்கு வனவிலங்குத் துறைக்குப் போகிறது. காலணி வாங்குகிறவரும் கட்டில் வாங்குகிறவரும் கொடுக்கும் காசு அது. ஓடை எல்லோருடையது என்பதற்கு அந்த எட்டில் ஒரு பங்கே அத்தாட்சி.

எல்லோருடையது என்றால், எல்லோரும் பார்க்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். ஓசார்க்கின் வடகிழக்கு ஓரத்தில் பிக் ரிவர் ஓடுகிறது. அதன் கரையில் இருந்த பழைய ஈயச் சுரங்க வட்டாரம் நூறு ஆண்டுகளுக்கு மேல் நாட்டுக்கே ஈயம் கொடுத்து 1970-களின் தொடக்கத்தில் ஓய்ந்தது. அரைத்துக் கழித்த சுரங்கக் கழிவு மலை மலையாக நின்றுவிட்டது. 1977-இல் டெஸ்லோஜ் ஊருக்குப் பக்கத்தில் அந்த மலை ஒன்று மழையில் சரிந்து ஆற்றுக்குள் இறங்கியது. மீனில் ஈயம் ஏறி, சில மீன்களைத் தின்னாதீர்கள் என்று அரசே எச்சரிக்கும் நிலை இன்றும் மாறவில்லை. கழிவு படிந்த பகுதிகளில் கிரேஃபிஷ் அடர்த்தி மேற்பகுதியோடு ஒப்பிட்டால் விழுந்துகிடக்கிறது என்று ஆய்வாளர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். கிரேஃபிஷ் போனால் கல்லுக்கு அடியில் கைவிட்டுத் துழாவும் ரக்கூனுக்கு என்ன கிடைக்கும்? மிங்க் எதைத் தின்னும்? ஒரு பருவத்துக்கு முப்பது நாற்பது ரக்கூன் பிடிக்கும் மனிதர் ஒதுங்கிக்கொண்டால் அடுத்த வசந்தத்திலேயே அந்த இடம் நிரம்பிவிடும். ஈயம் படிந்த சரளைப் படுகைக்கு அடுத்த வசந்தம் கிடையாது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று நம்மூரில் சொல்வது இப்படி இடம் பார்த்துச் சொன்னதுதான் போலும். ஈயச் சேற்றில் ரத்தம் தெரியாது. பகிர அதில் படம் இல்லை.

டிசம்பர் விடியலில் அந்த ஓடைகளின் ஓரமாக நடப்பவர் வேறு யார்? தூண்டில்காரர் கோடையில் வருவார், படகுக்காரர் விடுமுறைக்கு வருவார், ஆய்வாளர் நிதி வந்த ஆண்டில் வருவார். தினமும் கல்லைப் புரட்டி, எச்சத்தைப் பிட்டுப் பார்த்து, போன வாரம் இருந்தது இந்த வாரம் இல்லை என்று அறிபவர் பொறிக்காரர் ஒருவரே. அவரை விரட்டினால் ஓடைக்குச் சாட்சி போகிறது. ஏற்கெனவே போய்க்கொண்டும் இருக்கிறது. 1970-களின் கடைசியில் இருபத்தைந்து டாலருக்கு மேல் போன ரக்கூன் தோல் இப்போது சில டாலர்கள். கண்டத்தின் பெரிய ரோம ஏல நிறுவனம் ஒன்று 2019-இல் கடன்காரர்களிடமிருந்து காப்புக் கேட்டு நீதிமன்றம் ஏறியது. பணக்காரச் சீமாட்டியின் தோளுக்காகக் கொலை என்ற பேச்சு விலைப்பட்டியலைப் பார்க்காதவர்கள் பேசுவது. பெட்ரோல் செலவுக்குக்கூடத் தோல் விலை கட்டவில்லை. ஆள் குறைந்த ஓடைகளில் ரக்கூன் கொழித்து வாழ்கிறதா என்றால், நெருக்கம் கூடும்போது டிஸ்டெம்பர் நோய் புகுந்து வாரிக்கொண்டு போகிறது. வலிப்பு வந்து, கண் பீளை கட்டி, பட்டப்பகலில் தடுமாறி நடந்து, நாள்கணக்கில் சாகும் சாவு அது.

இயற்கை கொடியது என்பதால் நாமும் கொடுமை செய்யலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தடைக்காரர்களின் வாதங்களில் எனக்கு உண்மையான மரியாதை உள்ளது இது ஒன்றின் மேல்தான். வலி என்பது எண்ணிக்கைக் கணக்கில் அடங்காது. இனம் அழியவில்லை என்று சொல்வது, சிக்கிய அந்த ஒரு ரக்கூனுக்குப் பதில் ஆகாது. பிராய்லர் கோழியை ஆறு வாரத்தில் வெட்டித் தின்கிறாயே என்று எதிர்க்கேள்வி போடலாம்தான். அது வாயை அடைக்குமே தவிர வலியைக் குறைக்காது. என் பதில் இது: வலியைக் குறைக்க வேண்டுமென்றால் எந்தப் பொறி, எத்தனை மணி நேரம், எந்த மாதம் என்று அளந்து சண்டை போட வேண்டும். 1990-களின் கடைசியிலிருந்து அமெரிக்க மாநில வனவிலங்குத் துறைகள் சேர்ந்து பொறிகளைச் சோதித்துத் தரம் வகுக்கின்றன. பிடித்துவைக்கும் பொறியில் சோதித்த விலங்குகளில் குறைந்தது 70 சதவீதத்துக்குக் கடுங்காயம் இருக்கக் கூடாது என்பது அவர்கள் போட்ட கோடு. மீதி 30? அந்த முப்பதைப் பற்றிக் கேட்க ஓர் இயக்கம் வேண்டும். 70-ஐ 90 ஆக்கு என்று தெருவில் இறங்கியவர் எத்தனை பேர்? ஒழி என்று கத்துவதில் கிடைக்கும் நிறைவு, 90 ஆக்கு என்று கேட்பதில் கிடைப்பதில்லை.

இந்தத் தரமும் பெரும்பாலான மாநிலங்களில் அறிவுரைதான், சட்டம் ஆகவில்லை. ரக்கூனுக்குக் கையை மூடும் பொறி தவிர வேறு தரைப்பொறி கூடாது என்று சட்டம் போடலாம். குழாய் ஒன்று இருபது டாலருக்குள் கிடைக்கிறது, எந்தப் பொறிக்காரரும் திவாலாக மாட்டார். குட்டிக் காலத்தில் வாலுக்குக் காசு கொடுப்பதை நிறுத்தலாம். மிசௌரியில் பொறியைத் தினம் பார்க்க வேண்டும். நெவாடாவில் 96 மணி நேரம்வரை பார்க்காமல் விடலாம். நான்கு பகல், நான்கு இரவு. அந்த 96-ஐ 24 ஆக்குங்கள் என்று ஒருவர் மனு எடுத்து வந்தால், ஓசார்க் பாறை ஓடைக்காரர்களிடம் அவர் முதலில் போகலாம். விடியுமுன் டார்ச் விளக்கோடு அவர்கள் தினம் செய்துகொண்டிருப்பதைத்தான் அவர் கேட்கப் போகிறார்.